ஊத மறுத்தால் வழக்கு நிற்காதா?

"டெக்சாஸின் சின்ன கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) குடிபோதை வழக்கில் பிடித்தால் ஊதிக்காட்டாதீர்கள், வழக்கு தானே விழுந்துவிடும்" என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். விழாது. மறுத்ததற்கே முதல் தடவையில் ஓட்டுநர் உரிமம் 180 நாள் முடங்கும், ஊதி 0.08 என்ற ஆல்கஹால் வரம்பைத் தொட்டவருக்கு 90 நாள்தான்! மறுத்ததையே சாட்சியமாகவும் வைக்கலாம்.

ஊத மறுத்தவரிடம் சோதனைக்கு இரத்தம் எடுக்க நடுராத்திரியில் வாரன்ட் கிடைக்காது என்பதும் தப்புக்கணக்கு. வழக்கறிஞரான நீதிபதி இல்லாத கவுன்ட்டிகளில், சட்டம் படிக்காத 'ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்' (சிறு வழக்குகளைப் பார்க்கும் உள்ளூர் நீதிபதி) கையெழுத்தே போதும்.

வாதாட இடமிருப்பது வேறு இடத்தில். வண்டியை எதற்காக நிறுத்தினார்கள்? வாரன்ட் மனுவில் 'பேச்சு குழறியது' என்ற வரிக்கு நேராக டிக் இருக்கும். ரோந்துக் காரின் காணொளியில் அதே ஆள் முகவரியைத் தடுமாறாமல் சொல்லிக்கொண்டிருந்தால், வழக்கறிஞர் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

இன்னொன்றை நண்பர் சொல்லவே இல்லை. உரிம முடக்க அறிவிப்பு கைக்கு வந்த 15 நாளுக்குள் விசாரணை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் 40ஆம் நாள் முடக்கம் அமலுக்கு வந்துவிடும். குற்ற வழக்கு மாதக்கணக்கில் இழுக்கலாம். இந்தக் கெடு அதற்காகக் காத்திருக்காது. பஸ்ஸே ஓடாத ஊரில் உரிமம் போனால் வேலைக்கு எப்படிப் போவது?