பேய் தியேட்டர் என்று பகிர்ந்த நம்ம ஊர்க்காரர்களுக்கு

மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். இனி முடியவில்லை. நம்ம ஊர்த் தியேட்டருக்குள் ராத்திரி சுவர் ஏறிக் குதித்து அந்தப் பையன் எடுத்த 'பேய் தியேட்டர்' வீடியோவை நம்ம ஊர்க்காரர்களே சிரித்த முகம் போட்டுப் பகிர்கிறீர்கள். வெளியூர்க்காரன் பகிர்ந்தால் எனக்கு ஒன்றுமில்லை. அதே தரை டிக்கெட்டில் உட்கார்ந்து படம் பார்த்து வளர்ந்தவர்கள் பகிர்வதுதான் தாங்கவில்லை.

அங்கே பேய் கிடையாது. அங்கே ஆட்கள் வேலை பார்த்தார்கள். அதில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவர் என் அப்பா, அங்கே படம் ஓட்டிய ஆபரேட்டர்.

வீடியோவில் அந்தப் பையன் ஆபரேட்டர் ரூமுக்குள் போகிறான். மேஜையில் துருப்பிடித்து நிற்கிற ஒன்றின் கைப்பிடியைச் சுற்றிக் காட்டி 'மந்திரவாதி சக்கரம்' என்கிறான், பின்னணியில் ஒரு பெண் அழுகிற சத்தம் வேறு. தம்பி, அது ரிவைண்டர். ஓடி முடிந்த ரீலில் படத்தின் கடைசி வெளியேயும் ஆரம்பம் உள்ளேயும் இருக்கும், அடுத்த காட்சிக்கு முன்னால் அதைத் திருப்பிச் சுற்றியாக வேண்டும். 1000 அடி ரீல் 11 நிமிடம் ஓடும், ஒரு படத்துக்குப் பதினாறு பதினேழு ரீல், தினமும் 3 காட்சி, எல்லாம் கையால். சுற்றும்போதே இடது கை விரலைப் பிலிமின் ஓரத்தில் லேசாக வைத்திருப்பார் அப்பா. எங்கே துளை கிழிந்திருக்கிறது, எங்கே ஒட்டு விட்டிருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த விரல் நுனியில் இன்றைக்கும் கோடு கோடாகத் தழும்பு இருக்கிறது.

திரை மங்கினால் கீழேயிருந்து 'கார்பன், கார்பன்' என்று கத்துவோமே, நினைவிருக்கிறதா? மேலே புரொஜெக்டருக்குள் இரண்டு கார்பன் குச்சிகளின் முனைக்கு நடுவே வெளிச்சம் எரிந்துகொண்டிருக்கும், எரிய எரிய இடைவெளி கூடும், குச்சியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மே மாதத்தில் அந்த ரூமுக்குள் நின்று பார்த்தவர்களுக்குத்தான் சூடு தெரியும். குச்சியின் செம்புப் பூச்சு உருகித் தெறித்து, அப்பாவின் சட்டை எல்லாம் பொட்டுப் பொட்டாய் ஓட்டை. எரிந்து மிஞ்சிய விரல் நீளத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். திண்ணைச் சிமெண்டுத் தரையில் நான் முதன்முதலில் 'அ' எழுதியது அந்தக் கார்பன் துண்டால்தான்.

'சின்னப் பையன், ஜாலிக்குச் செய்தான், இதைப் போய்ப் பெரிதாக்குகிறாயே' என்று நேற்றே இரண்டு பேர் உள்பெட்டியில் எழுதிவிட்டார்கள். சரி, உங்கள் அப்பா முப்பது வருடம் உட்கார்ந்த கடைக்குள் நான் ராத்திரி புகுந்து, அவருடைய தராசைத் தூக்கிப் பேய் தராசு என்று ஊருக்குக் காட்டினால் உங்களுக்கு ஜாலியாக இருக்குமா? மனசாட்சியோடு சொல்லுங்கள்.

'அந்தத் தியேட்டர் என்ன பெரிய சொர்க்கமா' என்று கேட்பவர்களுக்கு: மூட்டைப்பூச்சி இருந்தது, பீடிப்புகை இருந்தது, கழிப்பறை சொல்லவே வேண்டாம். அதற்கு முந்தைய கீற்றுக் கொட்டகைகளில் ஆபத்தும் இருந்தது. 1979இல் தூத்துக்குடியில் கொட்டகை தீப்பிடித்துப் பல உயிர்கள் போனதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். எதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் ஊரில் வேறெங்கே எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தோம்? தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் அரங்கம் சினிமாக் கொட்டகைதான் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். கோயிலில் எங்கே நிற்க வேண்டும் என்று எங்கள் ஆச்சிக்கு ஊர் சொல்லியிருந்தது. கொட்டகையில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிவிட்டால் பெண்கள் பகுதியில் யாருக்குப் பக்கத்திலும் உட்காரலாம், மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து திரையைப் பார்க்கலாம். ஆச்சி அதைச் சொல்லும்போது படத்தின் கதையைவிட உட்கார்ந்த கதைதான் அதிகம் வரும்.

மூடின தியேட்டர் மூடினதுதான், எனக்கும் தெரியும். 1952இல் திறந்த, 2500 பேருக்கு மேல் உட்கார இடமிருந்த மதுரை தங்கம் தியேட்டரையே இடித்துவிட்டார்கள். எங்கள் ஊருக்கும் டிஜிட்டல் வந்தது, பிலிம் பெட்டிக்காக பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பது நின்றது, அப்பா ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாட்ச்மேனாகப் போனார். போன முதல் மாதம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அவர் கற்ற வேலையைக் கேட்க ஆளே இல்லாமல் போன பிறகும், அதே ஊரில்தான் இத்தனை வருடம் நடமாடிக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு எதிரில்தான் டீ குடிக்கிறார். பகிர்கிற நேரத்தில் ஒருவருக்குக்கூட அவர் முகம் ஞாபகம் வரவில்லையா?

வீடியோவை என் மகன் விவரம் தெரியாமல் அவரிடம் காட்டிவிட்டான். அப்பா முழுதாகப் பார்த்தார். 'அந்த மாடிப்படியில் நாலாவது படி பெயர்ந்திருக்கும், பையன் இருட்டில் விழாமல் வந்தானே' என்றார். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பகிர்ந்த வீடியோவை நீக்கிவிடுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன். கடைசியில் அந்தப் பையன் பிலிம் சுற்றுகிற ஒரு காலி ஸ்பூலைப் பைக்குள் போடுவது தெளிவாகத் தெரிகிறது. முதலாளி வீட்டில் பேசிவிட்டேன், அது அப்பாவிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவனைத் தெரிந்தவர்கள் வாங்கிக் கொடுங்கள். நேரில் வரக் கூச்சமாக இருந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகட்டும், நான் எதுவும் கேட்க மாட்டேன்.