ரம்பப் பல் கூரை மழைக்காக அமைக்கப்பட்டதா?

விக்டோரியா காலத்து இங்கிலாந்துத் தொழிற்கூடங்களின் கூரை ரம்பப் பல் போல ஏறி இறங்குவது மழையும் பனியும் தங்காமல் வழிந்தோடத்தான் என்று ஒரு படத்துடன் செய்தி பரவுகிறது. இது தவறு. மழைதான் காரணம் என்றால் சாதாரணச் சரிவுக் கூரையே போதும். ரம்பப் பல் கூரையில் இரண்டு பற்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் தண்ணீர் வந்து சேரும். பனியும் அங்கேதான் குவியும். அதை வடிப்பதே பொறியாளர்களுக்குத் தலைவலியாக இருந்தது. கூரையைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்களை உள்ளீடற்ற குழாய்களாக வார்த்து, மழைநீரை அவற்றின் வழியே தரைக்கு அடியில் இறக்கிய கூடங்கள் உண்டு.

உண்மையான காரணம் வெளிச்சம். வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதி நெசவுக்கூடங்களில் செங்குத்துப் பக்கம் கண்ணாடி, சாய்ந்த பக்கம் ஸ்லேட் ஓடு. கண்ணாடி வடக்கு நோக்கி இருக்கும். நேர் வெயில் விழாது. கண் கூசாது, நிழலும் விழாது. அறுந்த ஒற்றை இழையைக்கூட நெசவாளி உடனே பார்த்துவிடலாம். சரிவின் அடிப்பக்கத்துக்கு வெள்ளையடித்து ஒளியைக் கீழே திருப்பினார்கள். எவ்வளவு நுணுக்கமான சிந்தனை! தறிகளின் அதிர்வைத் தாங்கக் கூடத்தைத் தரைத்தளமாகவே கட்டியதால், எத்தனை அகலமான கூடத்துக்கும் மேலிருந்து ஒளி கொடுக்க முடிந்தது. லங்காஷயரின் பர்ன்லி நகர் அருகே 1894இல் எழுந்த குயின் ஸ்ட்ரீட் ஆலையில் இதை இன்றும் காணலாம்.

ஆஸ்திரேலியாவில் இதே கூரையின் கண்ணாடியைத் தெற்கு நோக்கி வைத்தார்கள். அங்கே சூரியன் வடக்கு வானில் செல்கிறது.