கோல் அடிப்பதில் பெரியவர் கிரெட்ஸ்கியா, ஒவெச்கினா?

2025 ஏப்ரல் 6 அன்று, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.ஹெச்.எல்.லில் அலெக்ஸ் ஒவெச்கின் தன் 895ஆவது கோலை அடித்து, வேய்ன் கிரெட்ஸ்கியின் 894ஐத் தாண்டினார். இருபது வருடமாக அவர் நின்று அடிக்கும் அதே இடம்தான், எதிரணி வலைக்கு முன்னால் பனியில் வரைந்திருக்கும் இடது வட்டம். எங்கே நிற்பார், எப்படி அடிப்பார் என்பது எதிரணிக்கு மனப்பாடம். ஆனாலும் பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) வலைக்குள் போய்விட்டது. மனிதர் பனியில் குப்புற விழுந்து சறுக்கிக்கொண்டே போனார்.

டொரன்டோவில் இருக்கும் என் அத்தை மகனுக்கு இது பொறுக்கவில்லை. "கிரெட்ஸ்கி ஒரே சீசனில் 92 கோல் அடித்தவர். உங்கள் ஆள் 65ஐத் தாண்டியதுண்டா?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டைக்கு வந்துவிட்டார்.

தாண்டியதில்லைதான். ஆனால் அந்த 92 எந்த வருடத்துக் கணக்கு? 1981-82இல் என்.ஹெச்.எல். ஆட்டம் ஒன்றில் இரண்டு அணிகளும் சேர்ந்து சராசரியாக 8 கோல் அடித்தன. ஒவெச்கின் 65 அடித்த 2007-08இல் அது ஏறத்தாழ ஐந்தரை. கிரெட்ஸ்கியின் 92ஐ அந்த விகிதத்தில் சுருக்கினால் 63, 64தான் வரும். அன்றைய கோல்கீப்பர்கள் நூறு ஷாட்டில் சுமார் 87ஐத் தடுத்தார்கள், 2007-08இல் 91. நின்றபடியே தடுத்த காலம் போய், முழங்காலில் விழுந்து வலையின் கீழ்ப்பகுதியை மொத்தமாக அடைக்கும் பாணி வந்துவிட்டது.

இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. 1981-82 சீசனில் கிரெட்ஸ்கியின் எட்மன்டன் அணி மட்டுமே 417 கோல் அடித்தது. சராசரியை ஏற்றிவிட்டதில் அவருக்கே பங்கிருக்க, அதே சராசரியை வைத்து அவரைக் குறைப்பது முழு நியாயமில்லை.

ஆட்டங்களின் எண்ணிக்கையில் தகராறே இல்லை. கிரெட்ஸ்கி மொத்தமாக ஆடியதும், ஒவெச்கின் அந்த 895ஆவது கோல் வரை ஆடியதும் சொல்லிவைத்தாற்போல் 1,487. இந்தச் சலுகை சேப்பாக்கத்தில் 1983இல் கிடைக்கவில்லை. கவாஸ்கர் 236 ரன் எடுத்து பிராட்மேனின் 29 சதங்களைத் தாண்டியபோது, பிராட்மேன் ஆடியது 52 டெஸ்ட்தானே என்ற கேள்வி கூடவே நின்றது.

ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்று மட்டும் பார்த்தால் பழைய என்.ஹெச்.எல். வீரர் மைக் பாஸி இருவரையும் முந்துகிறார்: 752 ஆட்டங்களில் 573. ஆனால் முதுகுவலி அவரை 30 வயதிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கால் தளர்ந்த வருடங்கள் அவர் கணக்கில் சேரவே இல்லை.

எனவே நான் கேட்பது ஒன்றுதான்: அதே பனியில், அதே கோல்கீப்பர்களுக்கு எதிராக ஆடிய சமகாலத்தவரை எத்தனை முறை முந்தினார்கள்? கோல் அடிப்பதில் லீக்கிலேயே முதலிடம் பிடித்த சீசன்கள் பாஸிக்கு 2, கிரெட்ஸ்கிக்கு 5, இன்னொரு பழைய வீரரான பாபி ஹல்லுக்கு 7, ஒவெச்கினுக்கு 9. என் ஓட்டு ஒவெச்கினுக்கே.

கோல் அடிப்பதில் சிறந்தவர் யார் என்ற கேள்விக்குத்தான் இந்தப் பதில். கிரெட்ஸ்கி பிறருக்கு அமைத்துக் கொடுத்த கோல்கள், அதாவது அசிஸ்ட்கள், 1,963. வேறு எவருக்கும் கோலையும் அசிஸ்டையும் கூட்டினால்கூட அவ்வளவு தேறாது. அத்தை மகன் அந்த எண்ணைச் சொல்லி வந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.