75 மணி நேரம் போதுமா?

'அமெரிக்காவில் நர்சிங் உதவியாளர் ஆக 75 மணி நேரப் பயிற்சி போதும்' என்று நான் படித்த கட்டுரை ஒன்று ஒரே வரியில் முடித்துவிட்டது, ஆனால் அது மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுதான், கலிஃபோர்னியாவில் 160 மணி நேரம், அதில் 100 மணி நேரம் நோயாளிகளுக்குப் பக்கத்தில் நின்று செய்தாக வேண்டும், நோயாளியை அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அதற்கு மேல் இன்னொரு 40 மணி நேரம். நான் முதியோர் இல்லத்தில் இருந்துவிட்டு அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலைக்கு மாறியவள், இரண்டும் ஒன்று என்று சொன்னால் சிரிப்புதான் வரும். இல்லத்தில் கட்டிலை ஏற்றி இறக்கலாம், தூக்கும் கருவி இருக்கும், கூப்பிட்டால் கைகொடுக்க ஆள் வரும். வீட்டிலோ தாழ்வான மெத்தை, சக்கர நாற்காலி நுழையாத குளியலறை, பெரும்பாலும் நீங்கள் தனி ஆள், அதோடு மகள் ஒன்று சொல்வார், மருமகன் வேறொன்று சொல்வார். நோயாளிக்குப் பலம் இருக்கும் பக்கம் நாற்காலியைப் போட்டு, அவர் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்து எழுப்புவதை உடம்பு பழகும்வரை செய்து பார்க்காவிட்டால் முதலில் போவது உங்கள் முதுகுதான். பயிற்சிக் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: மெடிகேர், மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீடுகளை ஏற்கும் முதியோர் இல்லம் உங்களை வேலைக்கு எடுத்திருந்தால் பயிற்சிக்கும் தேர்வுக்கும் பணம் கேட்கக் கூடாது. நீங்களே கட்டிப் படித்தாலும், முடித்த 12 மாதத்துக்குள் அப்படி ஓர் இடத்தில் சேர்ந்தால் அந்தச் செலவைத் திரும்பப் பெற வழி இருக்கிறது, ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.