அந்தப் பிள்ளையின் முகத்தில் பாவம் இருந்தது

ஞாயிற்றுக்கிழமை நடனப் போட்டியில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

"ஆட்டம் சரி. முகத்தில பாவம் காணாது. கண்ணகியெண்டா கண்ணை உருட்டிக் கோபத்தைக் காட்டோணும்." கண்ணகியாக ஆடிய என் 13 வயது மாணவிக்கு நடுவர் சொன்னது இது, ஒலிவாங்கியில், சபை முழுக்கக் கேட்க!

பாவம், அதாவது உள்ளத்து உணர்ச்சி, அவள் முகத்தில் இருந்தது. சிலம்பு பிடித்த கை மெல்ல மெல்ல உயர்ந்தது. பாண்டியனை இமைக்காமல் பார்த்தாள். கீழுதடு மட்டும் நடுங்கிற்று. அந்த நடுக்கத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. உணர்ச்சி மிகும்போது உடலில் தானாக வெளிப்படும் சாத்விக பாவங்கள் எட்டில் நடுக்கமும் ஒன்று என்று பரீட்சைக்கு எழுதாத நடன ஆசிரியர் உண்டா? கண் முன்னால் அது வந்து நின்றபோது ஏன் தெரியாமல் போனது?

பிறகு கேட்டேன், "ஏன் மனே அப்படிப் பார்த்தாய்?"

"வழக்குரை படிக்கக்குள்ள அம்மம்மா அழமாட்டா டீச்சர். அப்பிடியே அம்மனைப் பார்த்துக்கொண்டு இருப்பா."

வைகாசிக்கு வைகாசி கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கில், கண்ணகியின் கதையைப் பாடும் வழக்குரையை அம்மம்மாவின் மடியில் இருந்து கேட்டு வளர்ந்த பிள்ளை அவள். கண்ணகியை அவளுக்கு யார் புதிதாகக் கற்பிக்க வேண்டும்?

'பரிசு கிடைக்காத வயிற்றெரிச்சல்' என்று சிலர் சொல்வீர்கள். சொல்லுங்கள். புள்ளியைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'தூரத்தில் இருப்பவருக்கு உதட்டு நடுக்கம் தெரியுமா?' என்பது நியாயமான கேள்வி, அதற்காகப் பெரிதாக்கிக் காட்டப் பழக்கத்தான் வேண்டும். ஆனால் நடுவர் இருந்தது முன்வரிசையில்.

கை போகும் இடத்தில் கண், கண் போகும் இடத்தில் மனம், மனம் போகும் இடத்தில் பாவம், பாவம் உள்ள இடத்தில் ரசம் என்னும் சுவை. அபிநய தர்ப்பணம் என்ற பழைய நடன நூலில் இருந்து எல்லோரும் பாடமாக்கி ஒப்புவிக்கிறோம். நடுவில் மனம் என்று ஒரு படி இருக்கிறதே! அதை விட்டுவிட்டுப் பாவத்தைக் கொண்டுவா என்றால் பிள்ளை டீச்சரின் முகத்தைத்தான் கொண்டுவரும்.

நானும் அப்படித்தான் கொண்டுவந்தேன். என் குரு சிருங்காரத்துக்கு, அதாவது காதல் சுவைக்கு, இடது புருவத்தை உயர்த்துவார். கண்ணாடிக்கு முன்னால் நின்று அதையே பழகினேன். 'புருவத்திலேயே யார் மாணவி என்று தெரியுது' என்று மெச்சினார்கள். பத்து வருடம் அவருடைய முகத்தோடு ஆடினேன். என் முகம் எது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த வருடங்களை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

ஒற்றைக்கை முத்திரைகள் 28ஐயும் ஒரு தவணையில் பழக்கிவிடலாம். ஒரு பிள்ளை தன் வீட்டுத் துக்கத்தை நம்பி மேடைக்குக் கொண்டுவர எத்தனை வருடம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். நடுவரே, அதை ஒரு வசனத்தில் பறித்துவிட்டீர்கள்.

நேற்று வகுப்புக்கு நேரத்தோடு வந்துவிட்டாள். நான் உள்ளே போனபோது கண்ணாடிக்கு முன்னால் தனியாக நின்று கண்ணை உருட்டிப் பழகிக்கொண்டிருந்தாள்.