யார் ஆடப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்ல என்ன கேடு?

வீடு திரும்பி மூன்று நாள் ஆகிவிட்டது. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகர்க்கியில். பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் ஆடும் அணி இங்கே கிடையாது. பதினொரு வருடமாக எங்கள் அணியை டிவியில்தான் பார்க்கிறேன். பத்து வயது மகளுக்கு அந்த அணியின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுப்பவர்) என்றால் உயிர். அவர் பந்துக்குக் காத்திருக்கும்போது வலது குதிகாலை லேசாகத் தூக்கி நிற்பாரே, அதே மாதிரி வாசலில் நின்று காட்டுவாள். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் கடைசி வாரம் வரை, பக்கத்து மாநிலமான அரிசோனாவில் ஃபீனிக்ஸைச் சுற்றிப் பத்து மைதானங்களில் 15 அணிகள் ஆடுகின்றன. காக்டஸ் லீக் என்று பெயர். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள்தான், ஆனாலும் வீரர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம் என்று போய்வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சரி, இந்த வருடமாவது போவோம் என்று ஜனவரியிலேயே டிக்கெட் எடுத்தேன். கட்டணம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 71 டாலர், மூன்று பேர். பார்க்கிங் 20. மார்ச் மாத ஹோட்டல் வாடகையைச் சொல்லவே வேண்டாம். ஏழு மணி நேரம் கார் ஓட்டினேன். வழி முழுக்க மகள் ஒரு மஞ்சள் அட்டையை மடங்காமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதில் அவர் பெயரை ஜிகினா ஒட்டி எழுதியிருந்தாள். இறங்கியபோது பாவாடை முழுக்க ஜிகினா.

ஆட்டம் மதியம் 1.05க்கு. காலை பத்தரை மணிக்குத்தான் ஆடுபவர்களின் பட்டியல் ஃபோனில் வந்தது. அவர் பெயர் இல்லை. ஒன்பது பேரில் எனக்குத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். "அவருக்கு அடிபட்டுடுச்சாப்பா?" என்றுதான் முதலில் கேட்டாள் குழந்தை.

அடியும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்றைய ஆட்டம் எதிரணியின் மைதானத்தில். எங்கள் அணியின் சொந்தப் பயிற்சி மைதானம் அங்கிருந்து 40 நிமிடத் தூரம். காலையில் அங்கே பயிற்சி எடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டாராம். மற்ற 15 அணிகள் பயிற்சி ஆட்டம் ஆடும் ஃபுளோரிடா என்றால்கூட ஒத்துக்கொள்வேன். அங்கே மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போக இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும், முதுகு பிடித்துக்கொள்ளும். ஃபீனிக்ஸில் எந்த மைதானமும் இன்னொன்றிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள்தானே இருக்கிறது!

எதிரணியின் மைதானத்துக்குப் போகும் அணி வழக்கமான ஆட்டக்காரர்கள் நான்கு பேரையாவது கூட்டிவர வேண்டும் என்று மேஜர் லீக்கில் விதியே உண்டு. ஆனால் 'இந்த சீசனில் இடம்பிடிக்க வாய்ப்புள்ளவர்' என்றாலும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார். அப்படி ஓர் ஓட்டையை வைத்துக்கொண்டு விதி எதற்கு?

பயிற்சி ஆட்டம் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். பந்தை எறியும் பிட்சரின் கையை மெதுவாகத்தான் பழக்க வேண்டும், முதல் வாரம் இரண்டு இன்னிங்ஸ், அப்புறம் மூன்று, அப்புறம் நான்கு. பெரிய ஆட்டக்காரர்கள் ஐந்தாவது இன்னிங்ஸில் கிளம்பிவிடுவார்கள். அதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து சமனாக இருந்தால் அப்படியே கலைந்து போவார்கள், அதையும் ஏற்றுக்கொண்டுதான் போனேன். ஆனால் சீசன் ஆட்டத்துக்கு வாங்குகிற காசைப் பயிற்சி ஆட்டத்துக்கும் வாங்குகிறவர்கள், யாரைக் காட்டப்போகிறோம் என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லையா?

ஆறாவது இன்னிங்ஸில் 91ஆம் நம்பர் ஜெர்சியோடு ஒரு பையன் ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு வந்தான். முதுகில் பெயர்கூட இல்லை. இருபது வயதுதான் இருக்கும். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மண்ணில் விழுந்து புரண்டு ஒரு பந்தைப் பிடித்தான் பாருங்கள், நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்று கத்தினோம். அவனுடைய பெயரைக்கூட ரசிகனுக்குச் சொல்லாத நிர்வாகத்தின் மேல்தான் என் கோபம்.

கையெழுத்து வாங்கப் போன இடம் அதைவிடக் கொடுமை. தடுப்புக் கம்பிக்குப் பின்னால் குழந்தைகள் ஒரு மணி நேரமாக வெயிலில் நிற்கிறார்கள். தடித்த கோப்பு நிறைய வீரர்களின் படம் போட்ட அட்டைகளோடு இரண்டு பெரிய ஆட்கள் வந்தார்கள், விற்பதற்காகவே கையெழுத்து வாங்குகிறவர்கள். அதில் ஒருவர் முழங்கையால் என் மகளைத் தள்ளிவிட்டு முன்னே கையை நீட்டினார். பக்கத்தில் நின்ற காவலாளி வேடிக்கை பார்த்தார். குழந்தைகளுக்கென்று பத்தடி கம்பியை ஒதுக்கிவிட முடியாதா?

எனக்கு மனது ஆறாத விஷயம் வேறு. வெளி ஆட்டத்துக்கு யார் யார் பஸ் ஏற வேண்டும் என்ற பட்டியல், வீரர்களின் அறைச் சுவரில் முந்தின நாளே ஒட்டப்பட்டுவிடும். ஆட்டக்காரர்களுக்குத் தெரியும், பயிற்சியாளர்களுக்குத் தெரியும், சாமான் மூட்டையை ஏற்றுகிறவருக்கும் தெரியும். ஏழு மணி நேரம் ஓட்டிவந்தவனுக்கு மட்டும் தெரியாது. அந்தத் தாளை ஒரு படம் எடுத்து அன்று மாலையே வெளியிடட்டும். ஆள் வரவில்லை என்றால் பாதிக் காசையாவது திருப்பித் தரட்டும். இதையே நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டேன். 'ஆட்டக்காரர்கள் மாறுதலுக்கு உட்பட்டவர்கள்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. இன்று காலை மறுபடியும் எழுதியிருக்கிறேன், இந்த முறை அந்த மஞ்சள் அட்டையின் படத்தையும் சேர்த்து.