"ஆய்வே சொல்லுது" என்றால் போதுமா?

பள்ளியில் புதிதாக எதைக் கொண்டுவந்தாலும் "ஆய்வே சொல்லுது" என்று ஒரு பேச்சு கூடவே வந்துவிடுகிறது. ஆய்வுகளைத் தேடிப் படிக்கும் தலைமையாசிரியர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எந்தச் சூழலில் கிடைத்தது என்பதை விட்டுவிடுகிறோமே, அதுதான் என் ஆதங்கம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-ல் தொடங்கி நான்கு வருடம் ஒரு சோதனை நடந்தது. சில வகுப்புகளில் 13 முதல் 17 பிள்ளைகள், மற்றவற்றில் 22 முதல் 25. எந்தப் பிள்ளைக்கு எந்த வகுப்பு, எந்த ஆசிரியர் என்பதையெல்லாம் குலுக்கல் போலத்தான் முடிவு செய்தார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். மிக நேர்மையான ஆய்வு.

1996-ல் கலிஃபோர்னியா, மாநிலம் முழுக்கக் கீழ் வகுப்புகளை 20 பிள்ளைகளுக்குள் கொண்டுவர இறங்கியது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். முழுத் தகுதி பெறாதவர்களையும் எடுத்தார்கள். அவர்கள் அதிகமாகப் போய்ச் சேர்ந்தது ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில். மதிப்பெண் கூடியதுதான், ஆனால் வகுப்பு சிறுத்ததால்தான் கூடியது என்று மதிப்பீடு செய்தவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டென்னசி கண்டுபிடித்தது பொய்யில்லை. நல்ல ஆசிரியர் கைவசம் இருந்த இடத்தில் கிடைத்த பலன் அது.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கணக்கில் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று தினமும் ஒரு மணி நேரம் கூடுதல் வகுப்பு வைத்தார்கள். கூடுதல் நேரம் பலன் தரும் என்பதற்கு ஆதாரமும் காட்டினார்கள். சரி என்று நானும் எடுத்தேன். ஒருநாள் விடைத்தாள்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது மனசு கனத்துப்போனது. 52-லிருந்து 38 போனால் 26 என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். 8-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறார்கள். கடன் வாங்குவது என்னவென்றே அவர்களுக்குப் புரியவில்லை. அதே தப்பை நாங்கள் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பழக்கிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டித்தான் ஆரம்பித்தோம்.

தலைமையாசிரியர்களே, உத்தரவு போடும் முன் அந்த ஆய்வில் வேலை செய்தது எது, அது நம்மிடம் இருக்கிறதா என்று ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். மேஜையில் நம் பிள்ளைகளின் விடைத்தாள்களும் இருக்கட்டும்.